பழைய கொமட்டைக் கழட்டிட்டு தண்ணி மிச்சம் புடிக்கிற கொமட்ட நாமளே பூட்டுறது

பழைய கொமட்டுல ஒருக்கா ஃபிளஷ் அடிச்சா 9 லீட்டர் போகும், இன்னும் பழசெண்டா 13 லீட்டர், இப்ப வாற ரெட்டைப் பட்டன் கொமட்டுல பெரிய பட்டனுக்கு 6, சின்னதுக்கு 3 தான். அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல ஆளுக்கு நாளைக்கு அஞ்சு தரம் எண்டு வைங்க, 13 லீட்டர் கொமட் 325 லீட்டர் குடிக்கும், புதுசுல ஆளுக்கு பெரிய பட்டன் ஒருக்கா சின்னது நாலு தரம் அடிச்சா மொத்தம் 90 லீட்டர். 1000 லீட்டர் டாங்கி வச்சிருந்தா நாளைக்கு கால்வாசிக்குக் கிட்ட மிஞ்சுது, மோட்டரும் அவ்வளவு ஓடத் தேவையில்ல.

ஆனா மட்டக்களப்புல எனக்கு கரண்ட் பில்ல விட முக்கியம் கக்கூஸ் தண்ணி போற குழிதான். கல்லடி, காத்தான்குடிப் பக்கமெல்லாம் மணல் தரை, மார்கழி மழைக்கு நிலத்தடித் தண்ணி மேல வந்திரும், குழித்தண்ணி வடிய இடமில்லாம கொமட்டுக்குள்ள எதிர்த்து வரும், அதே வளவுலதான் கிணறும் இருக்கு. குழிக்குப் போற தண்ணி குறைஞ்சா அந்தளவுக்கு நல்லம். ஏற்கனவே நிறைஞ்ச குழிக்கு இது மருந்தில்ல, அத முதல்ல பவுசர் கூப்பிட்டு இழுக்கணும். வேலைய மழைக்கு முந்தி, வெயில் காலத்துல செய்ங்க.

வாங்கப் போக முந்தி அளவு எடுங்க, அரவாசிப் பேர் பிழைக்கிறது இதுலதான். கழிவுப் பைப் தரைக்குள்ள இறங்குதெண்டா எஸ் ட்ராப், சுவருக்குள்ள போகுதெண்டா பி ட்ராப். எஸ் ட்ராப்புக்கு டைல்ஸ் ஒட்டின சுவர்ல இருந்து தரை ஓட்டையின்ட நடுவுக்கு எத்தனை இஞ்சி எண்டு பாக்கணும், 9 இஞ்சியும் வரும் 12 இஞ்சியும் வரும், ஒண்டுக்கு வாங்கினது மற்றதுக்கு சரிவராது. பைப் வெளிய தெரியாட்டி பழசக் கழட்டிப் பாத்திட்டுத்தான் ஹாட்வெயாருக்குப் போங்க. குந்துற கக்கூஸ் வச்சிருக்கிறவங்க இத நம்பி இறங்காதீங்க, அதுக்கு தரை உடைக்கணும், மேசன் வேணும்.

காசு மிச்சமெண்டு புது சிஸ்டன, அதான் ஃபிளஷ் தண்ணி நிக்கிற தொட்டிய மட்டும் வாங்கி பழைய கொமட்டுல பூட்ட வேணாம், பழைய கொமட்டின்ட வளைவு 9, 13 லீட்டருக்குச் செஞ்சது, 6 லீட்டர் அடிச்சா முழுசாப் போகாது, மறுகா ரெண்டு தரம் அடிப்பீங்க. சிஸ்டனுக்குள்ள செங்கல் வைக்கிறதும் வேணாம், கல் கரைஞ்சி தூள் ரப்பருக்குள்ள போய் ஒழுகும். கடையில இன்னொண்டும் கேளுங்க, தண்ணி நிரப்புற வால்வ் குறைஞ்ச பிரஷருக்கும் வேலை செய்யுமா எண்டு, டாங்கி 10 அடி உயரத்துலதான் இருக்கெண்டா பிரஷர் 0.3 பார் அளவுதான் வரும், சில வால்வ் அதுக்கு சரியா நிரம்பாது.

கழட்டுறதுக்கு முதல்ல சிஸ்டனுக்குத் தண்ணி விடுற மூலை வால்வப் பூட்டி, ஃபிளஷ் அடிச்சி, மிச்சத் தண்ணிய ஸ்பொஞ்சால எடுங்க. கழுவுறதுக்கு ஹார்பிக்கையும் பிளீச்சையும் ஒண்டாக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சிஸ்டனக் கழட்டி கொமட்டின்ட ஆணியையும் கழட்டுங்க, சீமெந்து போட்டு இருத்தியிருந்தா ஓரத்தால சின்ன உளியால மெல்ல மெல்லத் தட்டுங்க, அவசரப்பட்டு ஓங்கி அடிச்சா டைல்ஸும் பைப்பும் சேந்து போகும். கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்யணும். கொமட் தூக்கின உடன பைப் வாய்க்குள்ள பழைய துணிய இறுக்கி வைங்க, குழி வாயு வீட்டுக்குள்ள வரும், அது தீப்பிடிக்கும், பக்கத்துல சிகரெட், விளக்கு ஒண்டும் வேணாம். துணியின்ட ஒரு நுனிய வெளிய விடுங்க, இல்லாட்டி உள்ள போயிரும்.

புதுச முதல்ல சும்மா வச்சிப் பாருங்க. ஆட்டமில்லாம, மட்டமா இருந்தா ஆணி ஓட்டைய பென்சிலால குறிச்சி, எடுத்துட்டு டைல்ஸ் பிட்டால, ட்ரில்ல ஹாமர்ல போடாம துளைச்சி, ஆணியப் புடிக்கிற ரோல் ப்ளக் போடுங்க. தரைக்குள்ள தண்ணிப் பைப் எதால போகுதெண்டு முதல்ல விசாரிங்க. மறுகா துணிய எடுத்திட்டு, ரப்பர் கனெக்டர பைப்புல போட்டு கொமட்ட நேரா இறக்குங்க. உப்புத் தண்ணி ஊருக்கு ஸ்டெயின்லெஸ் ஆணிதான் வாங்கணும். ரெண்டு பக்கமும் மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, ஒரு பக்கத்த மட்டும் இறுக்கினா பீங்கான் வெடிச்சிரும்.

கொமட்டின்ட அடி ஓரத்துக்கு சீமெந்து போடாதீங்க, அடுத்த தரம் கழட்ட ஏலாது, சிலிக்கன் போதும். பின் பக்கம் கொஞ்சம் பூசாம விடுங்க, ஒழுகினா அதால தண்ணி வெளிய வந்து காட்டும். சிலிக்கன் காய 24 மணித்தியாலம் விடுங்க, அது வரைக்கும் கொமட்டுல ஒருத்தரும் இருக்கக் கூடாது.

ஹோஸ் பூட்ட முந்தி பைப்புத் தண்ணிய வாளிக்குள்ள கொஞ்சம் திறந்து விடுங்க, மணல் வந்து வால்வின்ட சின்ன வலைய அடைக்கும், கிணத்துத் தண்ணி எண்டா அந்த வலைய அடிக்கடி கழட்டிக் கழுவணும். தண்ணி நிரம்பினதும் சிஸ்டனுக்குள்ள கொஞ்சம் சாப்பாட்டுக் கலர் ஊத்தி அரை மணித்தியாலம் ஃபிளஷ் அடிக்காம விடுங்க, கொமட்டுக்குள்ள கலர் இறங்கினா அடி ரப்பர் சரியா இருக்கல்ல, மிதவைய உயத்தி வச்சிருந்தா சிஸ்டனுக்குள்ள நிக்கிற ஓவர்ஃப்ளோ குழாய்க்கு மேலாலயும் வழியும், அதயும் பாத்து கொஞ்சம் இறக்குங்க.