தன்னார்வலர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி: நான் தடுமாறிக் கற்ற வழி

"தன்னார்வலர்கள் தேவை, ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று முதன்முதலில் ஒரு அறிவிப்பு போட்டோம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், வாழ்த்தினார்கள், கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஆளாக வந்தது இரண்டே பேர், அதில் ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது எங்கள் வேலை. சின்ன அமைப்பு. ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வருடம் முட்டி மோதியதில் கைக்கு வந்த வழியை இங்கே எழுதுகிறேன். அமைப்பைப் பதிவு செய்வது, கணக்கு வழக்கு இதெல்லாம் முடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வேலையை எழுதுங்கள்

ஆளைத் தேடுமுன் ஒரு தாளில் தேங்கிக் கிடக்கும் வேலைகளை எழுதுங்கள். "ஒலிப்பதிவுக்கு உதவி" என்பது வேலை இல்லை, அது புலம்பல். நாங்கள் இப்போது போடும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

"வேலை: பதிவான அத்தியாயத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்டுப் பிழை குறிப்பது. நேரம்: வாரம் 2 மணி நேரம், உங்களுக்கு வசதியான நாளில். எத்தனை நாள்: 6 வாரம். தேவை: ஹெட்ஃபோன், கைபேசி. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள் இருப்பார். சம்பளம் கிடையாது."

இதில் ஆளைக் கொண்டுவந்த வரி எது தெரியுமா? "குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை." ஒலிநூல் என்றதும் தன் குரலை நினைத்துக் கூச்சப்பட்டு ஒதுங்கியவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு கூச்சம் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்து அறிவிப்பிலேயே உடைத்துவிடுங்கள். முடியும் தேதியும் கட்டாயம் வேண்டும். கரை தெரியாத வேலைக்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள், 6 வாரம் என்றால் ஆட்டுவார்கள், அதில் பலர் ஏழாவது வாரமும் இருப்பார்கள்.

படி 2: எதற்காக வருகிறார் என்று பாருங்கள்

1998-இல் கிளாரி, ஸ்னைடர் முதலான உளவியலாளர்கள் தன்னார்வலர்கள் வருவதற்கான காரணங்களை ஆறாக வகுத்தார்கள்: பிறர் மேல் உள்ள அக்கறை, புதிதாகக் கற்கும் ஆசை, பழகியவர்களோடு சேர்ந்திருப்பது, வேலைக்கு உதவும் அனுபவம், மனச்சுமையிலிருந்து விடுபடுவது, தன்மீதே ஒரு மதிப்பு கூடுவது. முதல் காரணம் மட்டும்தான் உண்மையான சேவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சுத்த அசட்டுத்தனம். ஆடசிட்டி என்ற கணினி மென்பொருளில் ஒலித்தொகுப்பு பழகிக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்த ஒரு தம்பிதான் இன்றைக்கு எங்களுடைய பாதிக் கோப்புகளைத் தொகுக்கிறார். அவருக்கு "சேவை மனப்பான்மை" பற்றி நான் ஒரு வகுப்பு எடுத்திருந்தால் ஓடியே போயிருப்பார்.

படி 3: ஒருவரிடம் கேளுங்கள்

ஊரிடமே பொதுவாகக் கேட்டால் யார் காதிலும் விழாது. டார்லி, லத்தானே என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் ஹெட்ஃபோனில் சத்தம் வரும். அது தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள், இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் பொது வேண்டுகோளை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அதனால் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். நான் ஒருவருக்கு அனுப்பியது:

"அன்றைக்குக் கூட்டத்தில் அறிக்கையை நீங்கள் வாசித்தீர்கள், அவசரமே இல்லாமல் நிறுத்தி வாசித்தது மனதில் நின்றது. ஒரு சிறுகதைத் தொகுப்புக்குக் குரல் வேண்டும், மொத்தம் 5 மணி நேர வேலை. உங்களால் முடியுமா? முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தமில்லை."

பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள், படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். யாரிடம் கேட்பது? முன்பு நன்கொடை தந்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், அப்புறம் உங்கள் சேவையைப் பெறுகிறவர்களே. எங்கள் பதிவுகளில் பிழை பிடிப்பதில் பார்வையற்ற நேயர்களை யாரும் மிஞ்ச முடியாது, அவர்களிடம் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்ற ஒரு வருடம் ஆனது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்றால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் இணையவழிச் சேவையிலும் அமைப்புகள் அறிவிப்பு போடலாம். டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள், 1985-இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு மட்டும் அறிவிப்பு போடாதீர்கள், எல்லோரும் போடுவார்கள், உங்களுடையது மூழ்கிவிடும்.

படி 4: படிவம்

கூகுள் படிவம் போதும். பளபளக்கும் தன்னார்வலர் மேலாண்மைச் செயலிகள் இரண்டைப் பார்த்துவிட்டேன், நூறு பேரைத் தாண்டாதவரை அதெல்லாம் வீண். பெயர், தொடர்பு எண், எந்த வேலை, வாரத்தில் எப்போது முடியும், எப்படித் தெரிந்துகொண்டீர்கள். ஐந்து கேள்வி, அவ்வளவுதான்.

(பின்னர் சேர்த்தது: படிவம் திறந்தால் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் அப்படித்தான் கேட்கும். குரல் மாதிரி வேண்டுமென்றால் படிவத்தில் கேட்காமல் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.)

படி 5: உடனே பதில், உடனே வேலை

நான் குப்புற விழுந்த இடம் இதுதான். படிவம் போட்டதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. மூன்று வாரம் கழித்து எதற்கோ பதில்கள் சேரும் அட்டவணையைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள், 41 பேர்! ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சிலர் எடுக்கவில்லை, சிலர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும், "பதில் வரலையே, எனக்குத் தகுதி இல்லை போலன்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றார். நான் என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

இப்போது படிவம் வந்த அன்றே இரண்டு வரி பதில் போகும்: கிடைத்தது, இந்த நாளில் கூப்பிடுகிறேன். ஒரு வாரத்துக்குள் முதல் வேலையும் கையில் இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி. பிழைபார்க்க வருபவர்களுக்கு, நாங்கள் ஏற்கெனவே வெளியிட்ட ஒலிநூல் ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வேண்டுமென்றே இரண்டு பிழை நுழைத்து அனுப்புவோம். ஒருவர் மூன்று குறித்து அனுப்பினார். மூன்றாவது நாங்கள் வைத்தது இல்லை, எங்கள் மூலப் பதிவிலேயே ஒரு வரி விடுபட்டிருந்தது. அன்றிலிருந்து அவரை நாங்கள் விடவே இல்லை.

படி 6: பேசிப் பாருங்கள்

பதினைந்து நிமிடம் போதும். நான் தவறாமல் கேட்பது, "இதற்கு முன் இப்படி ஏதாவது தொடங்கிப் பாதியில் விட்டதுண்டா, ஏன் விட்டீர்கள்?" அந்தப் பதிலில் அவருக்கு எது ஒத்துவராது என்று தெரிந்துவிடும். குழந்தைகளோடு செய்யும் வேலை என்றால் கூடுதல் கவனம்: அடையாளச் சான்று, அவரைத் தெரிந்த இரண்டு பேரிடம் விசாரணை, ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கவே கூடாது என்ற விதி. தெரிந்தவர்தானே என்று யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இழுத்தடிப்பது அவருக்கும் தண்டனை.

படி 7: குழு

வாட்ஸ்அப்பில் அறிவிப்புக்கு ஒரு குழு, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி. அரட்டைக்கு வேறு குழு. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒரு ஒலிப்பதிவுத் தேதி காணாமல் போனபோது கற்றது.

பின்னர் வந்த கேள்விகள்

சான்றிதழுக்காக மட்டும் வருகிற மாணவர்களைச் சேர்க்கலாமா? தாராளமாக. செய்த மணி நேரத்தை அவர்களையே அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள், குறித்ததை மட்டும் சான்றிதழில் எழுதுங்கள்.

ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தால்? விலகத்தான் செய்வார்கள். விடைபெறும் நாளில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்கள் இடத்தில் யாரைப் போடலாம்?" பெரும்பாலும் ஒரு பெயர் வரும். அடுத்த செய்தியை அந்தப் பெயருக்கு, "உங்களைப் பற்றி இவர் சொன்னார்" என்று தொடங்கி எழுதுவேன்.