டென்யூர் இல்லாத ஆசிரியர்களின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குபவர்கள், டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிக்கு வழியே இல்லாத விரிவுரையாளர்களும் பகுதிநேர ஆசிரியர்களும்தான். இவர்கள் சங்கமாகத் திரண்டு நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது முதலில் எழும் கோரிக்கை சம்பள உயர்வு. அது நியாயமானதே. ஆனால் பேச்சு முழுக்க சதவீதத்தைச் சுற்றியே போனால், அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிடாமலே விட்டுவிடலாம் என்ற நிலை நீடித்தால், உயர்த்திய சம்பளம் யார் கைக்குப் போகும்? மறுநியமனம்தான் முதலில் பேசப்பட வேண்டும்: யாரை, எந்த அடிப்படையில், எத்தனை ஆண்டுக்கு நியமிப்பது, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் 2021 நவம்பரில், வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது எட்டிய உடன்பாட்டில் சம்பள உயர்வோடு பல ஆண்டு நியமனமும் பணி மதிப்பீட்டு முறையும் இடம்பெற்றன. அதுவரை அவர்கள் பிடியைத் தளர்த்தவில்லை.

சம்பளத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று தொகையை உயர்த்திவிட்டு, வகுப்பின் அளவைப் பற்றி ஒப்பந்தம் வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? 25 மாணவர்கள், ஆளுக்கு நான்கு கட்டுரைகள், ஒன்றைத் திருத்த 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்: 33 மணி நேரம். வகுப்பை 35 பேராக்கினால் ஏறக்குறைய 47 மணி நேரம். கூடுதல் உழைப்பு 40 சதவீதம். சம்பளம் அந்த அளவுக்கா உயர்ந்தது? வகுப்புக்கு உச்சவரம்பு கேளுங்கள். அதோடு, தொடங்கும் தறுவாயில் ரத்தாகும் பாடத்துக்கு இழப்பீடும் கேளுங்கள். பாடத்திட்டம் தயாரித்து முடித்தபின் வகுப்பு இல்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அந்த உழைப்புக்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும்.

‘பட்ஜெட் இல்லை’ என்றதும் கோரிக்கையைக் குறைத்துக்கொள்வது அடுத்த தவறு. தனியார் பல்கலைக்கழகம் என்றால், தர இயலாது என்று சொல்லும் நிர்வாகம், சங்கம் கேட்டால் அதற்குக் கணக்கு காட்ட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956-லேயே இதை உறுதிசெய்தது. ஆனால் இயலாது என்பது வேறு, விருப்பமில்லை என்பது வேறு. கெட்டிக்கார வழக்கறிஞர்கள் முதல் சொல்லைத் தவிர்ப்பார்கள். அதனால் மேசையில் என்ன சொன்னார்கள் என்று சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள ஓர் ஆளை உட்கார வையுங்கள்.

இன்னொரு சங்கம் ஜெயித்த வழியை அப்படியே பின்பற்றுவதும் ஆபத்து. 2022-இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகப் பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது தனியார் நிறுவனம். 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் வருவது. அதே நகரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தால் அரசு ஊழியர்களுக்கான மாநிலத்தின் டெய்லர் சட்டம் குறுக்கே நிற்கும்: வேலைநிறுத்தமே சட்டவிரோதம், நிறுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கலாம். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதல் கூட்டத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நிரந்தரப் பேராசிரியர்கள் நமக்காக ஏன் வரப்போகிறார்கள் என்று ஒதுங்குவதும் சரியல்ல. 2023 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர்கள் உள்ளிட்ட முழுநேர ஆசிரியர்களும் பகுதிநேர ஆசிரியர்களும் ஒன்றாகவே வகுப்பைவிட்டு வெளியேறினார்கள்.

கடைசி நேரக் களைப்பில் பலர் கவனிக்காமல் விடுவது ஒப்பந்தம் முடியும் தேதியை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது அமலில் இருக்கும்வரை வேலைநிறுத்தம் கூடாது என்ற சரத்து இருக்கும். ஒப்பந்தம் கோடை விடுமுறையில் முடிவுக்கு வந்தால், வளாகமே காலியாக இருக்கும்போது அடுத்த பேச்சைத் தொடங்க நேரும். செமஸ்டர் நடக்கும்போது முடிகிற தேதியைக் கேளுங்கள். நிர்வாகம் அதற்கு ஈடாக ஏதாவது கேட்கும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று உறுப்பினர்களோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.