பாம்படம் போட்ட ஆச்சியைத் துணியில் வரைந்து, பஞ்சு வைத்துத் தைப்பது எப்படி

பாம்படம் என்ற காதணியின் கனத்தில் தோள் வரை இறங்கிய காது, கன்னத்தில் ஆழமான சுருக்கம்: திருநெல்வேலி ஆச்சிமாரின் முகம் துணி ஓவியத்துக்கு அவ்வளவு பொருந்தும். தாளில் தட்டையாக நிற்கிற முகம், பஞ்சு வைத்துத் தைத்தால் மேடும் பள்ளமுமாக எழும்.

முடிந்த அளவு 18 × 24 அங்குலம் வேண்டுமானால் காடாத் துணியை 24 × 30 ஆக வெட்டுங்கள். தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும். புதுக் காடாவில் கஞ்சி இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து, சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் துவைத்துக் காயப்போடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் கஞ்சி போகவில்லை. அதில் வண்ணம் பிடிக்காது, பின்னால் உரிந்து வரும்.

புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதே அளவுக்கு அச்செடுங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஐந்து நிழல்களாகப் பிரித்து எல்லை போடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பென்சிலால் மெல்லத் துணிக்கு மாற்றலாம். கார்பன் தாள் வேண்டாம், வெளிர் வண்ணத்தின் அடியில் அந்தக் கறை தெரியும். வரையும்போது அடியில் பிளைவுட்டும் பாலித்தீனும் போதும். பத்தமடைப் பாயே ஆனாலும் அதன்மேல் விரித்து வரையாதீர்கள். கோரையின் வரி வண்ணத்தில் பதிந்துவிடும்.

துணி வண்ணத்தில் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) யெல்லோ ஓக்கரும் (காவி மஞ்சள்) சம அளவு கலந்தால் அடித்தோல் நிறம் கிடைக்கும். நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் முகம் சாம்பல் பூசியது போலாகும். அல்ட்ராமரின் நீலம் துளி சேருங்கள். தண்ணீர் சில சொட்டுதான். அதிகமானால் இழை வழியே ஊறிப் பரவும். நடு நிறம், இருட்டு, கடைசியில் வெளிச்சம் என்ற வரிசையில் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடித்த பூச்சில் ஊசி சிக்கும். பாம்படத்துக்குத் தங்கப்பொடி வண்ணம் தேவையில்லை. ஓக்கர், அதையொட்டிக் கரும்பழுப்பு, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி: பொன் மின்னும்.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் விடுங்கள். பின்பக்கமாக, நீராவி இல்லாமல், பருத்திச் சூட்டில் நான்கைந்து நிமிடம் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே தேயுங்கள்.

அடியில் பழைய வேட்டி, நடுவில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட், மேலே ஓவியம். இலவம்பஞ்சு மெத்தைக்கு நல்லது, இதற்கு ஆகாது, நகர்ந்து திரண்டுவிடும். நடுவிலிருந்து வெளியே நான்கு அங்குல இடைவெளியில் பின்னால் பிரித்தெடுக்கிற பெரிய ஓட்டுத் தையல் போட்டு மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். கூடியவரை முடியிலும் சேலையிலும் மட்டும் போடுங்கள். வண்ணம் பூசிய துணியில் ஊசித் துளை மூடாது, முகத்தில் அது தெரியும்.

இனிதான் முக்கியமான வேலை. தையல் ஓடும் இடம் பள்ளம், தைக்காத இடம் மேடு. ஆகவே சுருக்கங்களைத் தூரிகையால் வரையாமல் தையலுக்கு விடுங்கள். துணியை நகர்த்தும் மிஷின் பல்லை இறக்கி, 14 ஆம் நம்பர் ஊசியால், துணியைக் கையால் நகர்த்தி, கண்ணோரத்திலிருந்து கன்னத்தை வளைத்து ஓட்டுங்கள். மூக்கு நுனி, கன்னமேடு, கீழுதடு ஆகியவற்றைத் தொடாதீர்கள். பின்னணியை மட்டும் நெருக்கித் தைத்து முகத்தை வெறுமனே விட்டால் ஓரம் இழுத்து நடுவில் துணி உப்பும். தையலைப் பிரிக்க நேர்ந்தால் துளைகளில் நீர்த்த வண்ணத்தைப் புள்ளியாக வையுங்கள்.

ஆச்சி ஆச்சியாக இல்லையே என்று தோன்றும் கட்டம் அநேகமாக எல்லோருக்கும் வரும். துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிழை எங்கேயிருக்கிறது என்று தேடுங்கள். துணியைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து மூலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நிறம் தவறாக இருக்காது, இருட்டு போதாமல் இருக்கும். அது சரியென்றால் இரண்டையும் தலைகீழாக்கி, கண்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியையும் வாயோரத்தையும் அளந்து பாருங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் நடைவாசலில் தொங்கவிட்டு இரண்டு நாள் தொடாதீர்கள். போகும்போதும் வரும்போதும் கண் தானாகப் பிழையில் இடறும். வரைந்த கண்ணே கெட்டிருந்தால் வேறு துணியில் புதிதாக வரைந்து, புருவத்தையும் சுருக்கத்தையும் ஒட்டிக் கால் அங்குலம் விட்டு வெட்டி, அந்த ஓரத்தை மடித்து மேலே தைத்துவிடலாம். அங்கே எப்படியும் சுருக்கத் தையல்தான் வரப்போகிறது, ஒட்டு தெரியாது.

ஓரத்துக்கு ஆச்சியின் பழைய சேலைக் கரை. எடுத்து வைக்கும்போது மடிக்காமல் குழாயில் சுற்றுங்கள். மடித்த இடத்தில் வண்ணம் வெடிக்கும்.