ஹெட்போன் வாங்கப் போகும்போது குடத்தையும் கொண்டு போங்கள்

நாகர்கோவிலில் வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்குக்கு விலை கூடிய மூடிய வகை (காதுக்கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்த) ஹெட்போன் வாங்குகிறீர்களா? கடைக்காரர் போடும் சினிமாப் பாட்டை நம்ப வேண்டாம். நீங்களே பதிவு செய்த குடமும் உடுக்கையும் போனில் இருக்கட்டும். குடத்தின் முழக்கம் நேரில் கேட்டதைவிட வீங்கித் தெரிந்தால், அது பெரும்பாலும் ஹெட்போன் சேர்த்த பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. மூடிய கிண்ணத்தில் இது சகஜம். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடேயே கேளுங்கள். காதுமெத்தையில் சிறு இடைவெளி விழுந்தாலும் பேஸ் குறைந்துவிடும். இரண்டை ஒப்பிட்டால் சத்தம் சமமாக இருக்கட்டும். கூடுதல் சத்தம் எப்போதும் நல்லதாகவே தோன்றும், காது அப்படி! அப்புறம், ஹெட்போனின் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற மூடிய ஹெட்போன் 32, 80, 250 ஓம்களில் வருகிறது. 250 ஓமுக்குப் பெரும்பாலும் செல்போனின் சக்தி போதாது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை பட்டு மெத்தைதான் முதலில் உரியும். தனியாக மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.