மரப்பலகையா, சிமென்ட் பூச்சா? மரச்சட்டக வீட்டுக்கு வெளிச்சுவர் தேர்ந்தெடுப்பது எப்படி

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், தனிவீடு என்றாலே பெரும்பாலும் மரச்சட்டக வீடுதான். புதிதாகக் கட்டுபவர்கள் ஒரு கட்டத்தில் குழம்பிப் போவார்கள்: வெளியே செடார் பலகை அடிப்பதா, ஸ்டக்கோ என்கிற சிமென்ட் பூச்சு பூசுவதா? அழகை வைத்து முடிவு செய்வதற்கு முன் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன.

படி 1: உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உள்ளேயிருந்து வெளியே வருவோம். ஜிப்சம் பலகை, அதன்பின் ஆவித்தடுப்புத் தாள், 38க்கு 140 மி.மீ. அளவுள்ள மரத்தூண்கள், அவற்றுக்கு இடையே வெப்பக்காப்புப் பஞ்சு. தூண்களின் வெளிப்புறத்தில் பிளைவுட் அல்லது ஓஎஸ்பி (மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த) பலகை. அதன்மேல் தண்ணீரைத் தடுக்கும் தாள். எல்லாவற்றுக்கும் வெளியே உங்கள் மரமோ பூச்சோ வருகிறது.

பூச்சு பூசிய வீடு பார்வைக்கு நம் ஊர்க் காரை வீடு போலவே இருக்கும். ஆனால் செங்கல் சுவர் மழையைக் குடித்துவிட்டு வெயிலில் காய்ந்துவிடும், ஓஎஸ்பி அப்படியல்ல. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 30 சதவீதத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சை பிடித்து உளுக்க ஆரம்பிக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

படி 2: முதலில் இடைவெளி, அப்புறம்தான் மேற்பரப்பு

மரமா பூச்சா என்பதைவிட, அதற்குப் பின்னால் காற்று போகும் இடைவெளி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்தப் பாடத்தை வான்கூவர் வட்டாரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1980களிலும் 90களிலும் கட்டிய ஏராளமான அடுக்குமாடி வீடுகளின் சுவருக்குள் தண்ணீர் புகுந்து மரச்சட்டங்கள் அழுகின. ‘ஒழுகும் காண்டோ’ என்று பெயரே வந்துவிட்டது. 1998-ல் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் மாகாண அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

அப்போது பழியெல்லாம் பூச்சின்மேல் விழுந்தது. எனக்கு அது முழு நியாயமாகத் தோன்றவில்லை. மரப்பலகையும் வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகையும் போர்த்திய கட்டடங்களிலும் தண்ணீர் புகுந்தது. கூரை வெளியே நீளாமல் மொட்டையாக இருந்தது, ஜன்னல் ஓரங்களில் தண்ணீரை வெளியே தள்ளும் தகடு சரியாக இல்லாதது, உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாதது — இவைதான் அடிப்படைக் காரணங்கள்.

இதற்குத் தீர்வு ரெயின்ஸ்கிரீன். தண்ணீர் தடுக்கும் தாளின்மேல், அழுகாமலிருக்க மருந்தேற்றிய மரச்சட்டங்களைச் செங்குத்தாக அடித்து, அவற்றின்மேல் மரத்தையோ பூச்சையோ ஏற்றுவார்கள். குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும், 19 மி.மீ. சட்டம் வழக்கமானது. உள்ளே புகும் தண்ணீர் கீழே வடிந்துவிடும், மிச்ச ஈரத்தைக் காற்று காயவைக்கும். அடியில் பூச்சி புகாத வலை வைத்துத் திறந்தே விடவேண்டும். பூச்சுக்காரர் அதைச் சாந்தால் அடைத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 3: ஊரையும் சுவரையும் பாருங்கள்

வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை, மலையடிவாரத்தில் இருக்கும் வடக்கு வான்கூவரில் 2,000 மி.மீ.க்கும் மேல். அதே மாகாணத்தின் உட்பகுதியில் உள்ள கெலோனா வறண்ட ஊர். அங்கே மரம் ஈரத்தால் கெடுவது குறைவு, ஆனால் காட்டுத்தீ பயம் உண்டு. 2023 ஆகஸ்டில் அந்த வட்டாரத்தில் தீ வீடுகளையே எரித்தது. மரம் நீண்டநாள் தாங்கக்கூடிய ஊரில்தான் மரத்தை நம்ப முடியவில்லை! அங்கே கட்டினால் நான் யோசிக்காமல் பூச்சையே சொல்வேன். அதோடு வீட்டைச் சுற்றி 1.5 மீட்டருக்கு எரியக்கூடிய எதையும் வைக்காமல் இருப்பதும் அவசியம்.

கடலோரத்தில், வீடு முழுக்க ஒரே பொருள் என்ற கட்டாயம் இல்லை. சுவர் சுவராக முடிவு செய்யுங்கள். கூரை அரை மீட்டருக்குமேல் நீண்டு நிழல் தரும் சுவருக்கு மரம் அழகாகப் பொருந்தும். சாரல் நேராக அடிக்கும் சுவரில், அதுவும் இரண்டாம் மாடியில், வர்ணம் சீக்கிரம் உரியும். அங்கே பூச்சு நல்லது. பக்கத்து மனைக்கு ஒட்டிய சுவரில் எரியும் பொருளே கூடாது என்று கட்டட விதி சொல்லலாம். நகராட்சியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: மரம் என்றால்

மேற்குச் செஞ்செடார் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் வளரும் மரம். அழுகலை எதிர்க்கும் சத்து அதிலேயே இருக்கிறது. ஆனால் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் அந்தச் சத்தோடு வினைபுரிந்து கறுப்புக் கறை வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியே வாங்குங்கள். பலகையின் முதுகுப்புறத்துக்கும் வெட்டிய முனைகளுக்கும் பிரைமர் பூசியபிறகே அடிக்கவேண்டும், ஏனென்றால் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனைகள்தான். தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்துக்குக் கீழே பலகை வரக்கூடாது.

பலகைகளைச் செங்குத்தாக அடிக்க ஆசைப்பட்டால் பின்சட்டங்கள் படுக்கையாக வரும். அவை வடியும் தண்ணீரை மறிக்கும். அதனால் செங்குத்துச் சட்டத்தின்மேல் படுக்கைச் சட்டம் என்று இரண்டு அடுக்கு போடவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி சாயம் அடிக்கவேண்டும். அடர்நிறச் சாயம் மெல்லிய சாயத்தைவிடக் கூடுதல் நாள் தாங்கும். ஏணி ஏற ஆளில்லாத வீட்டுக்கு மாடிச்சுவரில் மரம் வேண்டாம்.

படி 5: பூச்சு என்றால்

கம்பிவலையின்மேல் மூன்று தடவை பூசி, மொத்தம் சுமார் 20 மி.மீ. கனம். சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவில் எடை வரும், எனவே சட்டகத்தை வடிவமைப்பவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். பெரிய பரப்பை ஏறக்குறைய 13 சதுர மீட்டருக்குள் அடங்கும் கட்டங்களாகப் பிரிக்க இணைப்புப் பட்டி வைப்பார்கள்; இல்லையென்றால் அது தானே விரிசல் விட்டுப் பிரித்துக்கொள்ளும். மயிரிழை விரிசல் சகஜம். குளிர்காலத்தில் பூசினால் கூடாரம் கட்டிச் சூடேற்றவேண்டும், செலவு கூடும். பின்னாளில் வர்ணம் அடிப்பதானால் ஆவி வெளியேறவிடும் வகையையே கேளுங்கள்.

படி 6: ஒப்பந்தக்காரரிடம் கேட்கவேண்டியவை

ஜன்னல் தலைக்குமேல் தகடு எப்படி வரும், அதன் முனைகள் மடித்துவிடப்படுமா என்று காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பால்கனி சுவரைத் தொடும் மூலையையும் காட்டச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்திப்புகளில்தான். வெளிப்போர்வை ஏறுவதற்குமுன் ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்து வையுங்கள். இந்த மாகாணத்தில் புது வீட்டுக்குக் கட்டாயக் காப்புறுதி உண்டு: வேலைக்கும் பொருளுக்கும் 2 ஆண்டு, சுவர் வழியே தண்ணீர் புகுவதற்கு 5, கட்டமைப்புக்கு 10. ஐந்தாவது ஆண்டு முடிவதற்குச் சில மாதம் முன்பே சுவர்களைச் சோதிக்கும் ஆளை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள், குறை இருந்தால் எழுத்தில் கொடுக்க அப்போது நேரம் இருக்கும்.