பூநகரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

மன்னார்ப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஏ-32 வீதியில் பூநகரியை ஒரு சோடாக் குடித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். வடக்கின் பழைய கதையை விளங்கிக்கொள்ள விரும்புபவர் ஒரு முழு நாள் நிற்க வேண்டிய ஊர் இது.

முதலில் நிலத்தைப் பாருங்கள். வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கு மூலை, கடல்நீரேரிக்குள் நீண்ட மணல்திட்டாக நீள்கிறது. அதன் நுனிப் பக்கத்தில் கல்முனை, மண்ணித்தலை, கௌதாரிமுனை. ஏரிக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. உள்பக்கம் வானம் பார்த்த வயல்கள். கடக்க ஒரு துறை, விதைக்க ஒரு மண்: இரண்டும் அருகருகே இருந்ததால் மிகப் பழைய காலத்திலேயே இங்கே மக்கள் குடியேறிவிட்டார்கள். பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் ஆய்வுகளில் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன.

மண்ணித்தலையில் ஒரு சிதைந்த சிவன் கோயில் இருக்கிறது. போர்த்துக்கேயர் வடக்கின் கோயில்களை இடித்த பிறகு, அவர்களுக்கு முற்பட்ட கோயில் ஒன்று நிலத்துக்கு மேல் எஞ்சியிருப்பதே அரிது. சுவரில் சாயாதீர்கள், ஏறாதீர்கள், ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். மணல் வழி என்பதால் உள்ளூர் ஓட்டோக்காரரைப் பேசிக்கொண்டு காலையிலேயே போங்கள்.

கோட்டை ஊருக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்த சிறிய கோட்டை. குடாநாட்டுக்குள் நுழையும் வழியைக் காப்பதுதான் அதன் வேலை. அந்த வழியின் பெறுமதி நம் காலத்திலும் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் இராணுவ முகாமால் இந்தத் துறை அடைபட்டபோதுதான் சனம் இதே கடல்நீரேரியின் கிளாலித் துறையில் இரவோடு இரவாக வள்ளம் ஏறியது. இன்று சங்குப்பிட்டிப் பாலம், 2011 ஜனவரியில் திறந்தது, குடாநாட்டுப் பக்கத்துக் கேரதீவில் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு முன்னர் அந்த இடத்தில் ஓடியது பாதைச் சேவை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, எப்போது போவது? தை, மாசி நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, உள்வழிகள் சேறாகிவிடும். வைகாசிக்குப் பிறகு வெயிலும் காற்றும் வாட்டும். பல கிணறுகள் உவர். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒரு குடும்பத்தின் பாடு. கிளிநொச்சியிலிருந்து வருபவர்கள் பரந்தனில் மேற்கே திரும்ப வேண்டும். போர் நடந்த நிலம், வெடிபொருள் எஞ்சியிருக்கலாம்: ஆளில்லாத பற்றைக்குள் இறங்காதீர்கள், மிதிபட்ட வழியிலேயே நடங்கள். 2008இல் போரால் இந்த ஊர்ச் சனம் முழுதாக இடம்பெயர்ந்தது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

திரும்பும்போது பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி விசாரித்து வாங்குங்கள். மழையை நம்பி விளையும் சிவப்பரிசி, கஞ்சிக்கும் புட்டுக்கும் அதுதான். கமக்காரரிடமே வாங்கினால் காசு அவர் கைக்குப் போகும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் அந்த நாட்டுச் சுங்க விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் அரிசியை விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.