பழைய ஆம்ப், புதிய டிவி, நடுவே ஓர் உறுமல்

எழுபதுகளில் வந்த மராண்ட்ஸ், சான்சுயி, பயனியர் ரிசீவர் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப்) ஏதாவது கைக்கு வந்தால், பிளக்கைச் செருகும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பான் வீடுகளுக்கென்று செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தவை 120 வோல்ட். நம் சுவரில் வருவது 230. ஏற்றுமதி மாடல்கள் பலவற்றில் 110, 120, 220, 240 என்று வோல்டேஜ் செலக்டர் இருக்கும். அதை 220 அல்லது 240க்கு மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஃபியூஸ் 120க்கு உரியதாக இருக்கலாம். 240இல் கரன்ட் பாதியாகிவிடுவதால், லேபிளில் எழுதியுள்ளபடி சிறிய ஃபியூஸ் போடவேண்டும். செலக்டரே இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. ஆம்பில் மின்நுகர்வு 300 வாட் என்றிருந்தால் 500 அல்லது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) வாங்குங்கள். விளிம்பில் வாங்கினால் சூடாகி, தானே உறும ஆரம்பிக்கும்.

ஸ்டெப் டவுன் வோல்டேஜைக் குறைக்கும், ஃப்ரீக்வென்சியை மாற்றாது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது) உள்ள டர்ன்டேபிள், அதாவது ரிக்கார்டு பிளேயர், இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் தண்டில் உள்ள சிறு சக்கரம்) தேடிப் போடவேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் லாக் (வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துவது) உள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும்.

முதல் தடவை மின்சாரம்

பல வருடம் பரணில் கிடந்த ஆம்பை நேராகச் சுவரில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு போதும்: ஃபேஸ் வயரின் நடுவே ஒரு ஹோல்டர், அதில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் ஆம்பை ஆன் செய்யுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து ஓரிரு விநாடியில் மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பல்ப் நடுவில் இருக்கும்போது ஆம்புக்குப் போகும் வோல்டேஜ் குறைவு என்பதால் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே சுவிட்ச் 'டிக்' என்று விழாமல் போகலாம். அதைப் பழுதென்று எண்ணவேண்டாம்.

பல்ப் மங்கியபிறகு ஆம்பை நேரடி மின்சாரத்துக்கு மாற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினலின் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளந்துபாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் சரிபார்க்கக் கொடுக்கவேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும். அந்த நிலையில் மாட்டிய ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகும். இந்த ஓர் அளவீட்டுக்குச் சோம்பல்பட்டுத்தான் நல்ல ஸ்பீக்கர்கள் பல போயிருக்கின்றன.

மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைக் கழற்றி அரைமணி நேரமாவது விடவேண்டும். பெரிய கெபாசிட்டர்களில் மின்னேற்றம் காலியானதை மீட்டரில் பார்த்தபிறகே கை வைக்கவேண்டும். வால்வ் ஆம்பில் சில நூறு வோல்ட் நிற்கும். அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சத்தமே வரவில்லை

ஆம்ப் செத்துவிட்டது என்று கடைக்குப் போகும் பல கேஸ்கள் ஒரு பட்டனில் முடிந்துவிடும். முன்பக்கத்தில் 'டேப் மானிட்டர்' அழுத்தியிருந்தால், ஆம்ப் டேப் டெக்கிலிருந்து வரும் சிக்னலுக்காகக் காத்திருக்கும்; வேறு எதைப் போட்டாலும் மௌனம்தான். அதை விடுவியுங்கள். அடுத்து ஸ்பீக்கர் செலக்டர் ஏ-யில் இருக்கிறதா, ஆஃபிலா என்று பாருங்கள். பிறகு பின்பக்கம்: 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்ற சாக்கெட்டுகளை இணைத்து யு வடிவ உலோகத் துண்டுகள் இருக்கவேண்டும். கைமாறி வந்த செட்டில் இவை தொலைந்துபோவது சகஜம். குட்டையான ஆர்சிஏ கேபிள் (சிவப்பு, வெள்ளை முனைகளோடு வரும் சாதாரண ஆடியோ கேபிள்) இரண்டு அந்த வேலையைச் செய்யும்.

ஒரு பக்கம் மட்டும் வருவது, குமிழைத் திருகும்போது கரகரப்பது இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கான்டாக்டில் படிந்த அழுக்கு. கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் வரும். பிளக்கைக் கழற்றி, குமிழின் பின்னால் உள்ள துளையில் டீஆக்ஸிட் போன்ற கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, இருபது முப்பது தடவை முழுச் சுற்றாகத் திருகிவிட்டு, காயவிடவேண்டும். துருவுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40ஐ இதற்கு எடுக்காதீர்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போய்த் தூசியைச் சேர்க்கும்.

உறுமல் எங்கிருந்து வருகிறது

'ம்ம்ம்' என்ற சத்தம் கேட்டதும் கெபாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. அதற்குமுன் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். விதி ஒன்றுதான், ஒரு தடவைக்கு ஒரு வயர்.

முதலில் காதை ஆம்பின் மேல் வையுங்கள். உறுமல் பெட்டியிலிருந்து வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. பெரும்பாலும் ஆபத்தில்லை.

ஸ்பீக்கரில்தான் என்றால், ஸ்பீக்கர் வயர் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இப்போதும் உறுமுகிறதா? வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே அளவில் நிற்கிறதா? அப்படியென்றால் பழுது ஆம்புக்குள்ளே இருக்கிறது. ஃபில்டர் கெபாசிட்டர் தளர்ந்திருந்தால் 100 ஹெர்ட்ஸில் சற்றுக் கூர்மையான ரீங்காரமாகக் கேட்கும். அப்போதுதான் கெபாசிட்டர் பேச்சு. கழற்றியதும் அமைதி வந்துவிட்டால் ஆம்ப் குற்றவாளி இல்லை. இனி ஒவ்வொன்றாக மாட்டி, எது மாட்டும்போது உறுமல் திரும்புகிறது என்று பாருங்கள்.

டர்ன்டேபிளில் திரும்பினால் எர்த் வயரைத் தேடுங்கள். ஆர்சிஏவோடு வரும் மெல்லிய தனி வயரை ஆம்பின் பின்னால் 'ஜிஎன்டி' திருகில் இறுக்கவேண்டும். டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) தொட்டதும் உறுமல் குறைந்தால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு சேனலில் மட்டும் என்றால் இடம் வலம் ஆர்சிஏவை மாற்றிச் செருகுங்கள். உறுமல் அடுத்த ஸ்பீக்கருக்கு இடம்மாறினால் பழுது கேபிளிலோ கார்ட்ரிட்ஜிலோ (ஊசி பொருந்திய தலை) இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் பின்னால் வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ்; ஒன்று தளர்ந்தாலும் இந்தச் சத்தம் வரும். ஆர்ம் ரிக்கார்டின் நடுவை நெருங்க நெருங்க உறுமல் ஏறினால், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். டர்ன்டேபிளை அரை மீட்டராவது நகர்த்துங்கள்.

கேபிள் டிவி அல்லது டிஷ் செட்டாப் பாக்ஸை மாட்டியபோது திரும்பியதா? கோஆக்ஸ் கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உடனே அடங்கினால் அது எர்த் லூப்: தெருவிலிருந்து வரும் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே அளவில் இல்லை. கருவிகள் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பாருங்கள். பயனில்லை என்றால் கோஆக்ஸில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் மாட்டலாம், அல்லது ஆப்டிகல் கேபிளுக்கு மாறலாம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் உறுமல் போகலாம்தான், ஆனால் அந்த ஆம்பில் லீக்கேஜ் வரும் அன்று ஷாக் அடிக்கும். அதைச் செய்யாதீர்கள்.

நம் வீடுகளில் இன்னொரு சந்தேகப் பேர்வழி ஃபேன் ரெகுலேட்டர். படிப்படியாக இல்லாமல் வழுவழுவென்று திரும்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் 'ஜிர்ர்' என்ற சத்தத்தைக் கிளப்பும். ஃபேனை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கெபாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாறினால் தீரும்.

ஃபோனோவும் ஆக்ஸும்

எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயரின் உச்ச அளவு 2 வோல்ட். ரிக்கார்டில் பாஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் செதுக்கியிருப்பார்கள்; அதை நேர்ப்படுத்துவதும், சுமார் 40 டெசிபல் பெருக்குவதும் ஃபோனோ ஸ்டேஜின் வேலை. டர்ன்டேபிளை ஆக்ஸில் (சாதாரண ஆடியோ இன்புட்) மாட்டினால் பாட்டு ஈனஸ்வரத்தில் கேட்கும். சிடி பிளேயரையோ டிவியையோ ஃபோனோவில் மாட்டினால் ஒலி சிதைந்து காதைப் பிளக்கும். புதிய டர்ன்டேபிள்கள் சிலவற்றில் உள்ளேயே இந்த ஃபோனோ ஸ்டேஜ் (ப்ரீஆம்ப்) உண்டு. பின்னால் உள்ள சுவிட்சை 'லைன்' என்று வைத்தால் ஆம்பின் ஆக்ஸில், 'ஃபோனோ' என்றால் ஃபோனோவில் மாட்டவேண்டும். 'லைன்' வைத்து ஃபோனோவில் மாட்டினால் இரட்டைப் பெருக்கம்.

டிவியை இணைப்பது

பழைய ஆம்பில் ஆர்சிஏ மட்டும்தான் இருக்கும், புதிய டிவியில் பெரும்பாலும் ஆப்டிகலும் எச்டிஎம்ஐயும்தான். நடுவே ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற அனலாகாக மாற்றும் கருவி) வேண்டும். டிவியின் ஆப்டிகலிலிருந்து டிஏசி, அங்கிருந்து ஆர்சிஏ வழியே ஆம்பின் ஆக்ஸ். ஆப்டிகலில் ஓடுவது ஒளி என்பதால் மேலே சொன்ன எர்த் லூப் இந்தப் பாதையில் வராது. எச்டிஎம்ஐயைவிட இதை விரும்புவதற்கு அது ஒன்றே போதும்.

மாட்டியபிறகு சத்தம் இல்லையென்றால் முதலில் ஆப்டிகல் கேபிளின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். அதைக் கழற்ற மறப்பவர்கள் ஏராளம். டிவி முனையைச் செருகி மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிந்தால் கேபிள் சரி. பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். 'ஆட்டோ'விலோ டால்பியிலோ இருந்தால் சாதாரண டிஏசிக்கு அது புரியாது; சில சேனல்களில் மட்டும் சத்தம் வருவது, சினிமாப் படம் ஓடும்போது மட்டும் சத்தம் போவது எல்லாம் இதனால்தான்.

ஆப்டிகல் இல்லாத டிவியில் ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டைத் தேடுங்கள். மற்ற போர்ட்டில் வேலை செய்யாது. ஏஆர்சி வாங்கி ஆர்சிஏ தரும் டிஏசி வேண்டும், டிவியில் சிஇசியும் (எச்டிஎம்ஐ கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆனில் இருக்கவேண்டும். சாம்சங்கில் சிஇசியின் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். திடீரென்று நின்றுபோனால் டிவி, டிஏசி இரண்டின் பிளக்கையும் கழற்றி மூன்று நிமிடம் விட்டு மாட்டுங்கள்.

ஆப்டிகலில் பல டிவிகளின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது. ஒலி முழு அளவில் வெளியே போகும். ஆகவே முதல்முறை ஆன் செய்யும்போது ஆம்பின் குமிழ் இடது எல்லையில் இருக்கட்டும். அங்கிருந்து மெல்லத் திருகுங்கள்.